பதிமூன்றால் வகுபடும் கையொப்பம்

ரங்கா, என் கண்ணே,

எழுத்துக்களால் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து நமக்குள் எண்கள்தான். இன்று யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்று பச்சைத் தமிழில் எழுதுகிறேன். வகுத்துப் படிக்க நீ இல்லை. வேறு யாருக்காக மறைத்து எழுதுவது?

நீ போய்விட்டாய் என்று வந்த கார்டை நான் நம்பவில்லை. நான்கு மூலையிலும் கறுப்பு மை தடவி, உன் கொழுந்தனார் பெயரில் வந்திருந்தது. விஷக் காய்ச்சலில் ரங்கநாயகி காலமானாள் என்று இரண்டே வரி. என் வீட்டுக்காரர் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நான் தபால் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுத்து யாருடையது, வார்த்தை எங்கேயாவது இடிக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன அம்மிணி பாக்கற? கெளம்பு" என்றார்.

"யாராவது வேணும்னே எழுதிப்போட்டிருந்தா என்னங்க பண்றது?" என்றேன்.

அவருக்கு அது புரிந்தது. உன் பெயரில் ஏற்கெனவே ஒரு பொய்க் கார்டு வந்த வீடு இது. கோயமுத்தூர் வரைக்கும் பஸ்ஸில் நான் அழவில்லை. உன் வீட்டுக் கொல்லையில் உன் கட்டிலைக் கொண்டுவந்து போட்டுக் கழுவிவிட்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அந்தப் பொய்க் கார்டின் கதையை ஊருக்குச் சொல்லிவிடலாம் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். 'என் மாமனார் இருக்கிறவரைக்கும் வேண்டாம்டி' என்று நான் தள்ளிப்போட்டேன். இப்போது அவரே சொல்லிவிட்டார்: "எழுது கண்ணு. என்ர பேரப் போடாம எழுது." அதனால் எழுதுகிறேன். நீ இல்லாமல்.

கிணத்துக்கடவிலிருந்து கோயமுத்தூர்ப் பெண்கள் ஹைஸ்கூலுக்குப் படிக்க வந்த குடியானவன் வீட்டுப் பெண் நான். நீ உள்ளூர்க்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியில் எங்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ். சென்னை வாரப் பத்திரிகை ஒன்றில் மறையெழுத்துப் போட்டி என்று கடைசிப் பக்கத்தில் வரும். ஒரு எழுத்துக்கு இன்னொரு எழுத்தை மாற்றிப்போட்டு ஒரு வாக்கியத்தைக் குழப்பி வைத்திருப்பார்கள். அதை உடைத்து அனுப்ப வேண்டும். உன் அப்பா பத்திரிகையைத் தொடும் முன்பே நாம் உடைத்துவிடுவோம். 'இது ஒரு பூட்டாடி? ஊக்கில தெறக்குது' என்று நீ உதட்டைப் பிதுக்குவாய்.

ஒரு நாள் தமிழ் வகுப்பில் உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் பாடம். அடுத்த மணி கணக்கு. அங்கே பகா எண்கள். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்கள். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே என் தொடையில் கிள்ளினாய். "தெய்வானை, ரெண்டும் ஒரே பாடம்டி!"

அன்று மாலை அட்டவணை தயார். பன்னிரண்டு உயிரெழுத்துக்கும் முதல் பன்னிரண்டு பகா எண்கள். அ என்றால் 2, ஆ என்றால் 3. பதினெட்டு மெய்யெழுத்துக்கும் அடுத்த பதினெட்டு. க் என்றால் 41. உயிரும் மெய்யும் சேர்வது போல எண்களும் பெருக்கிச் சேரும். க என்றால் இரண்டு பெருக்கல் நாற்பத்தொன்று, எண்பத்திரண்டு. ரங்கா என்று உன்னைக் கூப்பிட 178, 43, 123 என்று எழுதினேன். எண்பத்திரண்டை எப்படி உடைத்தாலும் அந்த இரண்டு பகா எண்களைத் தவிர வேறு வராது. படிக்கிறவளுக்குக் குழப்பமே இல்லை. உனக்கு அதில்தான் சந்தோஷம். 'எந்தப் பக்கம் இருந்து உடைச்சாலும் உண்மை மாறாதுடி' என்று சொல்லிக்கொண்டே இருந்தாய்.

மெய்யெழுத்துக்கள் 113-இல் முடிந்துவிட்டன. அதற்கு மேலே உள்ள பகா எண்களுக்கு வேலை இல்லை. அவற்றைக் கையொப்பம் ஆக்கினாய். ஒருத்தி 127 என்று போட்டால் பதில் எழுதுகிறவள் 131. அதற்குப் பதில் 137. வரிசை தப்பக்கூடாது.

என்னைப் பல்லடத்தில் கொடுத்தார்கள். பருத்தி அரைக்கும் மில், பஞ்சு மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கி, சந்தை சந்தையாகப் பருத்தி பிடிக்கும் வியாபாரம் எல்லாம் உள்ள குடும்பம். உன்னைக் கோயமுத்தூரிலேயே, ஒரு நூல் மில்லில் பஞ்சு வாங்கும் பிரிவில் வேலை பார்ப்பவருக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுத் தபாலெல்லாம் முதலில் கிட்டங்கிக்குப் போகும். மாமனார் படித்த பிறகே வீட்டுக்கு வரும்; போகிற தபாலும் அந்த வழிதான். கார்டில் எழுதினால் கணக்குப்பிள்ளையும் படிப்பார். அதனால் எண்களிலேயே தொடர்ந்தோம். எதை எழுதினோம் என்று நினைத்தால் இன்று சிரிப்பாக இருக்கிறது. உன் மாமியார் புளியைக் கரைத்துவிட்டுச் சக்கையை எண்ணுகிறார் என்பாய். எங்கள் மாமனார் சாப்பிடும்போது யாரோ துரத்துவது போல முழுங்குகிறார் என்பேன்.

முதலில் பயந்தது அத்தை, என் மாமியார்தான். எண்கள் வரிசையாக எழுதிய கார்டைக் கையால் தொடாமல், முறத்தில் ஏந்திக்கொண்டு வந்தார். செப்புத் தகட்டில் எந்திரம் எழுதுகிறவர்கள் இப்படித்தான் எண்களைப் போடுவார்களாம். "எவளோ செய்வினை வச்சு அனுப்பறாளாட்ட இருக்குது" என்று மஞ்சள் தண்ணீர் தெளித்தார். மை கரைந்து பாதிக் கார்டு போனது. மறுபடி எழுதி அனுப்பச் சொல்லி உன்னிடம் கெஞ்ச வேண்டியதாயிற்று.

அது சிரித்துவிட்டுப் போகிற சந்தேகம். அடுத்தது அப்படி இல்லை.

மாமனார் எவரையும் நம்பாதவர். தராசில் நிறுத்த மூட்டையைத் தானே ஒரு முறை தூக்கிப் பார்ப்பார். பருத்தியைப் பிய்த்து முகர்ந்து, ஈரம் தெளித்திருக்கிறார்களா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவரை அந்த வருஷம் சந்தைக்குச் சந்தை எவரோ முந்திக்கொண்டிருந்தார்கள். தாராபுரத்தில் அவர் மனதில் வைத்திருந்த விலைக்கு ஒரு சுண்டு மேலே, காலணா அரையணா கூட்டி, எதிராளி கேட்டார். உடுமலையிலும் அதே. யாரிடமும் சொல்லாமல் வைத்த விலை எப்படி வெளியே போனது? கணக்குப்பிள்ளையைச் சந்தேகப்பட்டார். வண்டிக்காரர்களை மாற்றினார். பெற்ற பிள்ளை முன்னாலும் வாயைத் திறப்பதை நிறுத்தினார். பிறகு அவர் கண் என்மேல் வந்து நின்றது.

நான் காபி கொண்டுபோய் வைத்தால் பேச்சு நின்றுவிடும். நான் நகர்ந்த பிறகும் தொடராது. சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிறேனா என்று பார்க்க அத்தை எட்டிப்பார்ப்பார். மருமகளின் சிநேகிதி புருஷன் ஒரு மில்லுக்குப் பஞ்சு வாங்குகிறவர். மருமகள் யாருக்கும் புரியாத கார்டு எழுதுகிறாள். அவர் இடத்தில் இருந்தால் நானே என்னைத்தான் நினைத்திருப்பேன்.

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஏனுங்க, நீங்களுமா நம்பறீங்க?"

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "நான் நம்பறதுல என்ன இருக்குது? அப்பன் கிணத்துக்கடவுக்கு ஆள் அனுப்பலாமான்னு கேட்டுட்டு இருக்காரு."

ஆள் அனுப்புவது என்றால் என் அப்பாவை வரவழைத்து என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வது. என் வீட்டுக்காரர் நம்பினாரா இல்லையா என்று அன்று சொல்லவில்லை. அந்தப் பதில் இன்றுவரை எனக்கு வரவில்லை ரங்கா.

அந்த வாரம்தான் உன் கார்டு வந்தது. கோயமுத்தூர் முத்திரை. உன்னுடைய வால் நீண்ட ஒன்பது, வயிறு ஒட்டிய எட்டு. அடுப்படியில் உட்கார்ந்து கரியால் தரையில் எழுதி வகுத்தேன். எழுத்து எழுத்தாக வெளியே வந்தது. 'இவருக்கு வேலை போய்விடும் போலிருக்கிறது. உன் மாமனார் அடுத்த சந்தைக்கு வைத்திருக்கும் விலையை எனக்கு மட்டும் எழுது.'

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

நீதானா? உன் வீட்டுக்காரர் உன்னை மிரட்டினாரா? இல்லை, இத்தனை நாளும் சக்கையும் புளியும் பேசியது இதற்காகத்தானா? நான் போன கார்டில் என்ன எழுதினேன், அதற்கு முன் என்ன எழுதினேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். மாமனார் எந்தச் சந்தைக்குக் கிளம்பினார் என்று எங்கேயாவது வாய் தவறி எழுதிவிட்டேனோ என்று தேடினேன். பாலை வழித்துக் கொட்டிவிட்டு வந்து கார்டை மறுபடி எடுத்தேன். அப்போதுதான் கடைசி எண்ணைப் பார்த்தேன்.

இருநூற்று நாற்பத்தேழு.

என்னுடைய முந்தின கார்டில் நான் போட்டது 241. நீ அடுத்த பகா எண்ணைப் போட வேண்டும். 247-ஐ இரண்டால் வகுத்தேன், மூன்றால் வகுத்தேன், ஏழால், பதினொன்றால். எதிலும் போகவில்லை. பதிமூன்றால் வகுத்தேன். மீதியே இல்லாமல் பத்தொன்பது வந்தது.

247 பகா எண்ணே இல்லை. அடுத்தது 251. நம் அட்டவணையில் பதிமூன்று ஊ, பத்தொன்பது ஏ. இரண்டு உயிரெழுத்தைப் பெருக்கி எந்தக் காலத்தில் ஒரு எழுத்து பிறந்திருக்கிறது? நீ காய்ச்சலில் பிதற்றினாலும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டாய். அந்தக் கார்டை எழுதியது நீ இல்லை.

முதலில் உயிர் வந்தது. அடுத்த மூச்சிலேயே பயம் வந்தது. நம் அட்டவணையை யாரோ உடைத்திருக்கிறார். நம்மை முழுக்கப் படித்திருக்கிறார். உன் எட்டையும் ஒன்பதையும் எழுதிப் பழகியிருக்கிறார். யார்? கார்டு கிட்டங்கி வழியாக வருகிறது. கிட்டங்கியில் இருப்பவர்களை நினைத்துப் பார்த்தேன். அன்று சாயங்காலம் சாதம் பரிமாறும்போது எல்லோருடைய விரல்களையும் பார்த்தேன், மைக்கறை இருக்கிறதா என்று. மாமனார் வழக்கம்போல முழுங்கவில்லை. மெதுவாக மென்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு மென்றார்.

உனக்கு எப்படித் தெரிவிப்பது? எழுதினால் அதுவும் படிக்கப்படும். 'கேட்டது கிடைத்தது. பதில் நேரில்' என்று மட்டும் எண்ணில் எழுதினேன். கையொப்பத்தில் 257 போட்டேன். படிக்கிறவருக்கு அது இன்னொரு பகா எண். உனக்கு மட்டும் தெரியும், 251 உன்னுடைய முறை, நீ இன்னும் எழுதவே இல்லை என்று. நீ எழுதாத கார்டு ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது என்று அதிலிருந்து புரிந்துகொள்வாய் என்று நம்பினேன். அந்த நாளில் நான் நம்பியது அது ஒன்றைத்தான்.

நீ அடுத்த பஸ்ஸிலேயே வந்தாய். இடுப்பில் கைக்குழந்தை கமலா. பஞ்சு வியாபாரி வீட்டுக்கு நீ வந்தது உன் வீட்டுக்காரர் மில்லுக்குத் தெரிந்தால் அவர் பிழைப்பு என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா? தெரிந்தும் வந்தாய். முன்கட்டு ஆசாரத்தில் மாமனார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார். நீ வருவாய் என்று காத்திருந்தவர்கள் போலத்தான் இருந்தார்கள்.

"வாங்கம்மிணி" என்றார் மாமனார். "பதில நேர்ல வாங்கிட்டுப் போலாம்னு வந்தீங்களாக்கு?"

நீ குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் கும்பிட்டாய். "நான் கேள்வியே கேக்கலீங்களே மாமா. கேட்டது யாருன்னு பாத்துட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன்."

நான் அந்தக் கார்டை எடுத்து வந்து உன்னிடம் கொடுத்தேன். நீ ஒரே பார்வை பார்த்தாய். கடைசி எண்ணில் விரலை வைத்தாய். உன் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது.

"மாமா, நல்லா எழுதியிருக்கீங்க. என்ர எட்டு அப்படியே இருக்குது. பதிமூணுல மட்டும் வகுத்துப் பாக்காம உட்டுட்டீங்க."

எழுதியது அவர்தான் என்று உனக்கு எப்படித் தெரிந்தது? பிறகு கேட்டேன். நீ கார்டைப் பார்த்தபோது அவர் உன் முகத்தைப் பார்க்காமல் உன் விரலைப் பார்த்தார் என்றாய்.

கமலா சிணுங்கினாள்; தட்டிக்கொடுத்தேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏழுல வகுத்தேன். பதினொண்ணுல வகுத்தேன். அதுக்கு மேல போகாதுன்னு நெனச்சு அங்கியே நிறுத்திப்போட்டேன்."

அவரே ஒவ்வொரு கார்டாகப் பிரதி எடுத்து, நிறைய இரட்டைப்படை எண்ணாக இருக்கிறதே என்று யோசித்து, மாதக்கணக்கில் உட்கார்ந்து உடைத்திருக்கிறார். அந்தப் பொய்க் கார்டையும் ஆள் விட்டுக் கோயமுத்தூரில் தபாலில் போட வைத்திருக்கிறார். அவர் துரத்தப்பட்டவர் போல முழுங்குகிறார் என்று நான் எழுதியதையும் படித்திருக்கிறார். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"நாங்க எழுதுனதுல ஒரு விலையாச்சும் இருந்துச்சுங்களா?" என்று கேட்டாய்.

"இல்லை. அதனாலதான் சந்தேகம் அதிகமாச்சு. இத்தனை மெனக்கெட்டுப் புளிச் சக்கையையா எழுதுவாங்க? இதுக்குள்ள இன்னொரு பூட்டு இருக்கோணும்னு நெனச்சேன். அதான் கேட்டுப் பாத்தேன்." அவர் குரல் ஏறியது. "சரி, நீங்க சொல்லல. அப்பறம் எப்படிப் போவுது என்ர ஊட்டு விலை வெளிய?"

சந்தைகளிலிருந்து அவருடைய ஆட்கள் அவருக்கும், அவர் ஆட்களுக்கும் தந்தி அடித்துக்கொள்வார்கள். பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஒரு எண் என்று விலையை எழுதுவார்கள். அவர் அப்பன் காலத்துச் சொல். குடும்பத்து ஆண்களுக்கு மட்டும் தெரியும். நீ பழைய தந்திகளைக் கேட்டாய். அவர் முடியாது என்றார். "அந்தச் சொல்லத் தர வேண்டாமுங்க. தந்திய மட்டும் காட்டுங்க" என்றாய். எவராலும் படிக்க முடியாதவைதானே என்ற தைரியத்தில் ஒரு கட்டை எடுத்துப் போட்டார்.

நாம் இரண்டு பேரும் தரையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தது எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. ஹைஸ்கூலில் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைப் பரப்பியது போலவே. விலையின் முதல் எழுத்து எல்லாத் தந்தியிலும் ஒன்றாகவே இருந்தது. பருத்தி விலை ஒரு வாரத்தில் எங்கே ஓடிவிடும்? அது ஒரு எழுத்து. கடைசியில் அடிக்கடி வருவது பூஜ்யமாக இருக்க வேண்டும். அது இன்னொன்று. தந்தியிலேயே இருந்த மூட்டைக் கணக்கையும் மொத்தத்தையும் பெருக்கிப் பார்த்து மற்றவற்றைப் பிடித்தோம். இலை போடும் நேரத்துக்கு நீ தலையைத் தூக்கினாய்.

"மாமா, உடுமலையில நீங்க வச்ச விலை இதுங்களா?" என்று கேட்டு ஒரு தொகையைச் சொன்னாய்.

அவர் முகம் வெளுத்தது. எழுந்து நின்றுவிட்டார். "அப்ப நீங்கதான்!"

ரங்கா, அந்த நிமிஷத்தில் நாம் தொலைந்தோம் என்றே நினைத்தேன். குற்றமில்லை என்று காட்டப் போய், குற்றம் செய்யத் தெரிந்தவர்கள் என்று காட்டிவிட்டோமே. அத்தை கதவோரம் நின்று "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"அப்பா, இந்தம்மிணி இன்னிக்குத்தானுங்க நம்ம தந்தியப் பாக்கறாங்க. உங்க கண்ணு முன்னாலதான் பாத்தாங்க."

நீ அவரைப் பார்க்காமல் மாமனாரையே பார்த்துச் சொன்னாய். "எங்களால ஒரு காலையில முடியுதுங்க. உங்களால சம்பாத்தியம் போச்சுன்னு வயிறெரிஞ்சவங்க வருஷக்கணக்கா உக்காந்து பாத்திருக்க மாட்டாங்களா? ஆளச் சந்தேகப்பட்டீங்க. அந்தச் சொல்லச் சந்தேகப்படலீங்க."

அவர் நம்பவில்லை. நம்பியிருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன். ஆனால் சோதித்துப் பார்த்தார். அடுத்த சந்தைக்கு, யாரிடமும் வாய் திறக்காமல், அதே பழைய சொல்லை வைத்துப் பொய்யாக ஏற்றிப் போட்ட ஒரு விலையைத் தந்தியில் அனுப்பினார். உண்மை விலையைத் தலைக்குள் வைத்துக்கொண்டு தானே நேரில் போனார். எதிராளி அந்தப் பொய் விலைக்கு ஒரு சுண்டு மேலே கேட்டு, ஈரப் பருத்தியையெல்லாம் வண்டி வண்டியாக வாங்கிக்கொண்டு போனாராம். தந்தியை எவர் எங்கே பார்த்தார், யார் கொடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அது என் வாயிலிருந்து போகவில்லை என்பது தெரிந்துவிட்டது.

மன்னிப்பெல்லாம் இல்லை. அவருக்கு அது வராது. சந்தையிலிருந்து திரும்பிய அன்று சாப்பிட உட்கார்ந்தவர், இலையைப் பார்த்தபடியே கேட்டார். "கண்ணு, மில்லுத் தந்திக்கு வேற ஏதாச்சும் பண்ண முடியுமா, ரெண்டு பேரும் சேந்து?"

பண்ணினோம். ஒவ்வொரு பருவத்துக்கும் மாறுகிற ஒன்று. அதன் பிறகு தபால்காரர் என் கார்டுகளை நேராக வீட்டுக்கே கொண்டுவந்தார். 'படிக்காமலா அனுப்புகிறார்?' என்று நான் சந்தேகப்பட்டேன். நீயும் பட்டாய். அதனால் நம் அட்டவணையையும் கார்டுக்குக் கார்டு மாற்றினோம். எந்தக் கார்டுக்கு எது என்பதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை. இரண்டு தலைக்குள் இருந்தது. இப்போது ஒரு தலைக்குள்.

இனி, நீ போன பிறகு நடந்தது.

போன வாரம் உன் வீட்டுக்காரர் பல்லடத்துக்கு வந்தார், கமலாவையும் கூட்டிக்கொண்டு. மெலிந்துவிட்டார். காபியைத் தொடவில்லை. நான் உனக்கு எழுதிய கார்டுகளையெல்லாம் துணியில் கட்டிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இது நீங்க எழுதினதுங்க. உங்களுது. ரங்கா எழுதினது உங்ககிட்ட இருக்குமில்லீங்களா?"

"இருக்குதுங்க."

"என்னப் பத்தி என்ன எழுதியிருக்கா?"

அவருக்கு வேறு பெண் பார்க்கிறார்கள் என்று எனக்குக் காதில் விழுந்திருந்தது. எதற்காகக் கேட்கிறார்? மனம் கிடந்து அடித்துக்கொள்கிறதா? அல்லது உன்மேல் ஏதாவது குற்றம் கிடைத்தால் இன்னொருத்தியைக் கட்டுவது லேசாக இருக்கும் என்றா? ஒரு மழைக்காலத்தில் நீ எழுதியதையெல்லாம் நினைத்துக்கொண்டேன். கருப்பையிலேயே போன குழந்தையைப் பற்றி, அவர் வாரக்கணக்கில் உன்னோடு பேசாமல் இருந்ததைப் பற்றி. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை.

உள்ளே போய் ஒரே ஒரு கார்டை எடுத்து வந்தேன். "படிச்சுச் சொல்லட்டுங்களா?"

அவர் தலையை ஆட்டினார். "வேண்டாமுங்க. நீங்க படிச்சா, எனக்காக நல்லதாச் சேத்துச் சொல்றீங்களோன்னு தோணிட்டே இருக்கும்."

எனக்கு அவரை அப்போதுதான் பிடித்தது. ஒரு சிலேட்டைக் கொடுத்து, அந்த ஒரு கார்டுக்கான அட்டவணையை மட்டும் எழுதிக் கொடுத்தேன். எப்படி உடைப்பது என்று ஒரு எழுத்துக்குக் காட்டினேன். பஞ்சு வாங்கும் பிரிவில் வருஷக்கணக்காகக் கணக்குப் போட்டவர், ஒரு குழந்தை போல நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக வகுத்தார். தப்பாக வந்தால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். மாமனார் கிட்டங்கியிலிருந்து வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

வாக்கியம் முடிந்தது. 'இவருக்கு என்மேல் கோபம் வந்தால் என்னைத் திட்டுவதில்லை. கொல்லைக்குப் போய் எதிர்வீட்டுப் பூனையைத் திட்டிவிட்டு வருகிறார். பாவம் பூனை.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். சிரிப்பு வந்தது. அப்புறம் சிலேட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். "பூனையத் திட்டறது அவளுக்குக் கேட்டிருக்குமுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். மாமனார் சத்தமில்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

மற்றவற்றை அவர் கேட்கவில்லை. கேட்டால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. நான் அந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்து எடுத்தேன் என்பதும் அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். கிளம்பும்போது, "மத்ததெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டுங்க" என்றார். அதில் நம்பிக்கை இருந்ததா, பயம் இருந்ததா? நீ இருந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பாய்.

கமலா என் பிள்ளைகளோடு பஞ்சுக் குவியலில் புரண்டுவிட்டுத் தலையெல்லாம் வெள்ளையாக வந்து நின்றாள். உன் முழி. உன்னைப் போலவே, கேட்க வேண்டியதை நேராகக் கேட்கிறாள்.

"பெரிம்மா, அம்மா எழுதுனதுல என்ர பேரு இருக்குதுங்களா?"

"நெறைய இருக்குது கண்ணு."

"பொய் சொல்லாதீங்க. காட்டுங்க."

காட்டவில்லை ரங்கா. பெரியவளாகி வந்து கேள், அப்போது காட்டுகிறேன் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டாள். நம்பவில்லை.

அவள் நம்ப வேண்டாம். வளர்ந்து, இதே வாசலில் வந்து நின்று கேட்கட்டும். அன்று ஒரு கார்டையும் ஒளிக்காமல், மழைக்காலத்துக் கார்டுகளையும் சேர்த்து, எல்லா அட்டவணையும் அவள் கையில் கொடுப்பேன். அவளுக்கு முன் அவள் அப்பாவுக்கும் இல்லை, என் மாமனாருக்கும் இல்லை, இதைப் படித்துக்கொண்டிருக்கும் எவருக்கும் இல்லை. அவளே வகுத்து, அவளே படித்து, தன் அம்மா யார் என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும். அதுவரைக்கும் ஒன்றையும் மறக்காமல் தலையில் வைத்திருப்பது என் பொறுப்பு.

உன் கமலாவின் பெரியம்மா,
தெய்வானை